நாட்டு மரங்களை நடுவது பள்ளியின் வேலையா, வளர்ப்பது பள்ளியின் வேலையா?

கேள்வி, 16 ஜூன் 2024

மரக்காணம் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, ஆண்டுதோறும் பள்ளி திறந்த வாரத்தில் மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மரக்கன்று நடுகிறோம். சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து போய்ப் பார்த்தால் கன்று இருந்த இடத்தில் பிடிமானக் குச்சிதான் நிற்கிறது. இதுவரை மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் நட்டோம். நாட்டு மரங்களாக நட்டால் பிழைக்குமா? எவை நல்லவை, கன்றுகள் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் ஐயா.

16 ஜூன் 2024

பிழைக்காது. மயில்கொன்றைக்குப் பதிலாக வேம்பை வைத்தாலும், ஜூனில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் ஆகஸ்டில் குச்சிதான் மிஞ்சும். உங்கள் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது, பள்ளிப் பிள்ளைகளோடு நாற்றங்கால் நடத்திவரும் என் கருத்து. பள்ளி மாணவர்கள் மரம் நடுவதை நிறுத்திவிட்டு, விதை பொறுக்கி நாற்று வளர்ப்பதைத் தொடங்கட்டும். நடுவது ஒரு நாள் வேலை. அதை ஊரார் செய்துகொள்ளலாம். விதையிலிருந்து ஒரு கன்றை நடும் பருவத்துக்குக் கொண்டுவரும் ஓராண்டு வேலைக்குத்தான் நாள்தோறும் ஒரே இடத்துக்கு வரும் ஆட்கள் வேண்டும். ஊரில் அப்படி ஒரு கூட்டம் பள்ளியைத் தவிர வேறெங்கும் இல்லை.

17 ஜூன் 2024

ஜூன் ஏன் ஆகாது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூனிலும் ஜூலையிலும் மாலை நேரத்தில் ஓர் இடிமழை வரும், மறுநாளே மேல்காற்று அந்த ஈரத்தைத் துடைத்துவிடும். அந்தக் காற்றில் இளங்கன்று நிற்பதற்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும்.

நடவு விழாக்களின் நாட்காட்டி நம் மழையைப் பார்த்து எழுதப்பட்டதன்று. 1950இல் ஒன்றிய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் நாட்டின் பெரும்பகுதிக்கு அது பொருத்தமான நாள். ஐக்கிய நாடுகள் அவை 1972இல் அறிவித்த ஜூன் 5 உலகம் முழுமைக்குமானது. இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டு, மண்ணில் ஈரம் நிற்காத நேரத்தில் குழி தோண்டி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

18 ஜூன் 2024

ஒரு திருத்தம். தென்காசியிலிருந்து எழுதிய நண்பர் சரியாகவே கண்டித்திருக்கிறார். நான் நேற்று எழுதியது கிழக்குக் கடற்கரைக்கு மட்டுமே பொருந்தும். செங்கோட்டை, கன்னியாகுமரி, கூடலூர், வால்பாறைப் பக்கங்களில் ஜூன் மழையில் நடுவதே முறை. தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே நடவு நாள் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்தான்.

23 ஜூன் 2024

ஆசிரியை இன்றைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கே பொறுக்கத் தொடங்கலாம், ஏனெனில் நாவலும் வேம்பும் இப்போதுதான் பழுத்து உதிர்கின்றன. இவ்விரண்டின் விதையும் காத்திருக்காது. உலர வைத்து டப்பாவில் போட்டு, காலாண்டுத் தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் விதை உயிரை விட்டிருக்கும். சதையைக் கழுவி, நிழலில் ஈரம் போக ஆற்றி, அந்த வாரத்துக்குள் தாய்ப்பாத்தியில், அதாவது விதை முளைக்கவைக்கும் பாத்தியில், ஊன்றிவிட வேண்டும். நாவல் முளைக்கும்போது மாணவர்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, சில வேளை மூன்று முளைகள் எழும். நம்மிடம் ஒரு சிறுமி அதை "இரட்டைப் பிள்ளை" என்று தனியாக நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தாள்.

கொன்றை இதற்கு நேர்மாறானது. கோடையில் மரத்தில் தொங்கும் கறுத்த நீளக் காயை உடைத்தால், உள்ளே ஓட்டாஞ்சில்லு போன்ற தடுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தடுப்பிலும் கருப்புப் பசைக்கிடையே ஒரு விதை படுத்திருக்கும். கழுவி எடுத்தால் பளபளப்பான பழுப்பு நிறம், கல்லின் கடினம். அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. எனவே விதையின் ஓரத்தைப் பள்ளித் திண்ணையின் சிமெண்டுத் தரையில், மேல்தோல் தேய்ந்து வெளிறிய ஒரு புள்ளி தெரியும்வரை உரசவைக்கிறோம். இரவு தண்ணீரில் போட்டால் காலையில் உரசிய விதைகள் மட்டும் ஊதிப் பருத்திருக்கும், உரசாதவை போட்டது போட்டபடி கிடக்கும். ஒரு கிண்ணத் தண்ணீரிலேயே யார் ஒழுங்காக உரசினார்கள், யார் ஏய்த்தார்கள் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். இதைவிட நேர்மையான தேர்வு முறை கல்வித்துறையில் இருப்பதாகத் தெரியவில்லை.

24 ஜூன் 2024

கந்தக அமிலத்தில் ஊறவைப்பது விரைவான முறை என்று தாவரவியல் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் அது ஆய்வகத்துக்கும் பெரிய நாற்றங்காலுக்கும் உரியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அமிலத்தைக் கொடுக்கச் சொல்லும் யோசனை இந்த இழையில் வேண்டாம்.

7 ஜூலை 2024

மர வகைகள் குறித்து. நம் கடற்கரையை ஒட்டிய இயற்கையான காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பெயர் நீளம், காடு குட்டை. கோடை முழுவதும் இலை உதிர்க்காமல் அடர்ந்து நிற்கும். பாலை, வீரை, காயா, கருங்காலி, இரும்புளி, நெய்க்கொட்டான், காட்டு எலுமிச்சை, இடையிடையே களா, காரை போன்ற புதர்கள் என்று அது அமைந்திருக்கும். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டிலும், தெற்கே கோடியக்கரையிலும், சென்னைக்குள் கிண்டித் தேசியப் பூங்காவிலும் அதன் மிச்சங்களைப் பார்க்கலாம். "நாட்டு மரம்" என்று சொல்லிப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்படும் கன்றுகளில் இவை ஏறக்குறைய இருப்பதே இல்லை. புங்கன், வேம்பு, பூவரசு, மருது ஆகியவை கிடைக்கும். அவை நல்ல மரங்கள்தாம், எனினும் அவற்றை மட்டும் நட்டால் கிடைப்பது சாலையோரத் தோப்பு, காடாகாது.

சந்தையில் கிடைக்காததற்குக் காரணம் எளிது. பாலை மெதுவாக முளைத்து, அதைவிட மெதுவாக வளரும். சப்போட்டா ஒட்டுக்கு வேர்ச்செடியாகப் பயன்படுவது இந்தப் பாலைதான். ஒட்டுக் கட்டும் பருமனுக்கு அதன் தண்டு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும் என்பதை எந்த ஒட்டு நாற்றங்காலிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்று மாதத்தில் இடுப்புயரம் வளரும் கன்றை விற்றுப் பிழைப்பவர் இதைத் தொடமாட்டார். அவசரம் இல்லாத பள்ளிதான் இதற்குச் சரியான இடம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கருங்காலி பற்றிய தனி அறிவிப்பு: கருங்காலி மாலை அணியும் மோகம் வந்ததிலிருந்து நாற்றங்காலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கருங்காலிக் கன்று கேட்கிறார்கள். தாராளமாகத் தருகிறோம். மணி கடையும் அளவுக்கு அதில் வைரம் பாய்வதைப் பார்க்க அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லியே தருகிறோம்.

9 ஜூலை 2024

வவுனியாவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு: ஆம், நீங்கள் சொல்லும் பாலையும் வீரையும் இவையே. வன்னிக் காடும் எங்கள் கடற்கரைக் காடும் பெரும்பாலும் ஒரே மரங்களால் ஆனவை. பாலைப்பழக் காலத்தில் கரடி மரமேறும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் பொறாமைப்படுகிறார்கள். எங்களிடம் அந்த வேலையைக் குயிலும் கொண்டைக்குருவியும் மரநாயும்தாம் பார்க்கின்றன. உங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். காடு இன்னும் நிற்கும் இடத்தில் இருக்கிறீர்கள், எனவே விதைக்காக அலைய வேண்டியதில்லை. பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். ஒரே தாய்மரத்து விதையில் நூறு கன்று வளர்ப்பது வசதியானது, ஆனால் பின்னால் அந்தக் காடு முழுவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிற்கும்.

28 ஜூலை 2024

பை குறித்த சண்டை. மரம் வளர்க்க நெகிழிப் பையா என்று கேட்டவருடைய கோபம் நியாயமானது. பால் பாக்கெட்டைக் கழுவி, அடியில் துளையிட்டுப் பயன்படுத்துவது பள்ளிகளில் நடக்கிறது. நாவல், புங்கன், வேம்பு ஆகியவற்றுக்கு முதல் மூன்று மாதத்துக்கு அது போதும். ஆனால் நாம் பேசும் காட்டு மரங்கள் தண்டுக்கு முன்பே ஆணிவேரை இறக்குகின்றன. மண்ணுக்கு மேலே நான்கு இலையோடு இருக்கும் கன்றின் வேர் பையின் அடியைத் தொட்டிருக்கும். ஆழம் குறைந்த பையில் அந்த வேர் அடியில் மோதி, வளைந்து, சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேரோடு நட்ட மரம் சில ஆண்டுகள் செழிப்பாகவே தெரியும். பிறகு ஒரு புயலில் அடியோடு சாயும்போதுதான் காரணம் புரியும்.

ஆகவே எங்களுக்கு 13 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட பையே குறைந்த அளவு. இரண்டாம் ஆண்டுக்குத் தங்கும் கன்றுக்கு 16க்கு 30. மண் கலவை பழைய கணக்கேதான்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் பையைத் துளைத்துக்கொண்டு கீழே தரைக்குள் இறங்கிவிடும். அந்த வேலை மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு தேளோ மரவட்டையோ இருக்கும். தேள் இருக்கும் என்பதால் கையால் தூக்குவதற்கு முன் பையைக் குச்சியால் சாய்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

"பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினோமா?" என்று பெற்றோர் கேட்டதாக ஆசிரியை எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்திலும் இதே கேள்வி வந்தது. அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள் பூவாளி தூக்குவதும், தலைமை ஆசிரியர் நிழலில் நின்று மேற்பார்வையிடுவதும் யாருக்கும் உறுத்தவே செய்யும். 2001இல் தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிதோறும் மன்றங்கள் அமைக்கப்பட்டபோது நோக்கம் நல்லதாகவே இருந்தது. ஆயினும் பல பள்ளிகளில் அது தோட்டவேலைக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் ஏற்பாடாகச் சுருங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பிரித்துக்கொண்ட முறை இது. பை நிரப்புதல், தண்ணீர் ஊற்றுதல், களை எடுத்தல் ஆகிய நாள்வேலைகளை மகளிர் சுய உதவிக் குழுவினர் கூலிக்குச் செய்கிறார்கள். விதை பொறுக்குதல், ஊன்றுதல், முளைப்பு எண்ணுதல், ஏட்டில் எழுதுதல் ஆகியவை பிள்ளைகளுடையவை. முளைப்பு ஏட்டை விழுக்காடு பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கணக்கு ஆசிரியர் கண்டுபிடித்த பிறகு பெற்றோரின் புகாரும் நின்றது.

16 ஆகஸ்ட் 2024

நேற்றைய கிராம சபையில் நடவு இடம் பற்றிப் பேசினீர்களா? தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு என்பது 2022 முதல் ஆறாக உயர்ந்திருக்கிறது, ஆனால் நமக்கு வேண்டியது ஆகஸ்ட் 15 கூட்டம்தான். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் தீர்மானமும் மழையும் ஒன்றாக வந்து நிற்கும். வேலி போட நேரம் இருக்காது.

இடம் விஷயத்தில் ஆடு வளர்ப்பவர்களைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஏரிக்கரையும் மேய்க்கால் புறம்போக்கும் நமக்கு வெற்றிடமாகத் தெரியலாம், அவர்களுக்கு அது மேய்ச்சல். எங்கள் ஊரில் முதலில் சண்டை வந்தது இதனால்தான். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரே பிறகு வழியும் சொன்னார்: கரையை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் மூடுவது, அதில் கன்றுகள் ஆட்டின் வாய்க்கு மேலே போன பிறகு அடுத்ததை மூடுவது. வேலிக்குக் கம்பி வாங்கப் பணம் இல்லாத பள்ளிகள் ஆடாதொடையையும் நொச்சியையும் குச்சி வெட்டி நெருக்கமாக ஊன்றலாம். இரண்டும் போத்து வைத்தாலே வேர்பிடிக்கும், ஆடும் அவற்றை விரும்பித் தின்னாது. முதல் ஆண்டு அவை வளரும்வரை மட்டும் வேலமுள் வெட்டிப் போட வேண்டும்.

8 செப்டம்பர் 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே எழுதுகிறேன். காட்டு மரங்களின் விதை வேண்டுமென்றால் கோயில் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஐயனாருக்கு அஞ்சி ஒரு குச்சிகூட ஒடிக்காமல் ஊர் காத்து வைத்த காடு அது. அந்த அச்சம் இல்லாதிருந்தால் நம்மிடம் தாய்மரமே இருந்திருக்காது. ஆனால் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். கோயில் காட்டு வாசலில் எல்லாருக்கும் ஒரே வழி இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் விதை பொறுக்கப் போன வகுப்பை வாசலிலேயே இரண்டாகப் பிரித்து நிறுத்தினார்கள். அந்த ஆசிரியர் எல்லாரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டார். அவர் செய்தது சரி. மறு ஆண்டு அவ்வூர்ப் பூசாரியும் சில பெரியவர்களும் தாங்களே பழம் பொறுக்கிக் கொண்டுவந்து பள்ளித் திண்ணையில் கொட்டினார்கள். அதைத் தீர்வு என்று சொல்லமாட்டேன். உள்ளே யார் போகலாம் என்ற கேள்வி அங்கே அப்படியே இருக்கிறது. சமுதாயப் பங்கேற்பு என்று எழுதும்போது அந்தச் சமுதாயத்தில் யார் யார் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனைவரும் போகக்கூடிய இடமாகப் பார்த்து முதல் விதைப் பயணத்தைத் தொடங்குங்கள். கண்மாய்க்கரை, கல்லறைத் தோட்டம், பழைய சத்திரத்து வளாகம் போன்ற இடங்களிலும் நல்ல தாய்மரங்கள் நிற்கின்றன.

20 அக்டோபர் 2024

மழை பிடித்துவிட்டது. நடவு குறித்துச் சுருக்கமாக. முதல் மழை போதாது. ஒரு முழம் ஆழம் ஈரம் இறங்கிய பிறகு நடுங்கள். பையைக் கிழித்து எடுங்கள், இழுத்து எடுக்க வேண்டாம். தண்டும் வேரும் சேரும் இடமான கன்றின் கழுத்து மண்மட்டத்துக்குக் கீழே புதையக் கூடாது. இந்த ஆண்டு முளைத்த நாவலும் வேம்பும் இப்போது நடுவதற்குச் சிறியவை. அவற்றை அடுத்த அக்டோபருக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை வேலியை மட்டும் ஊன்றுங்கள். ஒன்றுமே நடாமல் முதல் பருவமழையைக் கடப்பதற்குத் தலைமை ஆசிரியரைச் சம்மதிக்க வைப்பதே கடினமான பகுதி, தெரியும்.

8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது; ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் நாற்றங்காலின் நிழல்வலை போனது, தாழ்வான பாத்தியில் இருந்த பைகள் மிதந்து கலந்துவிட்டன. எந்தப் பையில் எந்த மரம் என்று இலையைப் பார்த்துப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகள்தாம் செய்தார்கள். வீரை இலையையும் காட்டு எலுமிச்சை இலையையும் கண்ணாலும், பிறகு கசக்கி மோந்தும் அவர்கள் பிரித்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

புயலில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு 2011 டிசம்பர் 30 தானே புயல் நினைவுக்கு வந்திருக்கும். புதுச்சேரிக்கு அருகே உள்ள அரோவில்லில் அப்போது சாய்ந்தவற்றில் ஆஸ்திரேலிய அக்கேசியா நிறைய. அங்கே முழுவதும் வெளிநாட்டு மரம்தான் என்று இந்த இழையில் ஒருவர் ஏளனமாக எழுதியிருந்தார். அது பாதி உண்மை. 1968இல் அந்த நகரம் தொடங்கியபோது நிலம் மண்ணரித்து ஓடைகளாகக் கிழிந்து கிடந்த செம்மண் மேடு. எதையாவது நட்டு நிழல் உண்டாக்க வேண்டிய கட்டாயத்தில் விரைவாக வளரும் அக்கேசியாவை நட்டார்கள். அதன் நிழலில்தான் பின்னர் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்தெடுத்தார்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி நிலத்தை மொட்டையடித்துவிட்டு நடலாம் என்று துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருவேலத்துக்கிடையே இடைவெளி வெட்டி, அதன் அரைநிழலில் பாலையையும் வீரையையும் நிலைநிறுத்தி, பிறகு கருவேலத்தைப் படிப்படியாக எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

16 பிப்ரவரி 2025

விதைப்பந்து பற்றி விடாமல் கேட்கிறீர்கள். பிள்ளைகள் களிமண்ணை உருட்டுவது ஆனந்தமான காரியம், அதை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பந்துக்குள் என்ன விதை, அது எவ்வளவு பழையது, விழுந்த இடத்தில் ஆடு, எலி, வெயில் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. நாவலையும் வேம்பையும் மாதக்கணக்கில் காய்ந்த பந்தில் வைத்திருப்பது அந்த விதைகளுக்கு நாமே கட்டிய சமாதி. விராலி, உசிலை, வாகை போன்ற, உலர்ந்து நாளானாலும் உயிரோடிருக்கும் விதைகளை மழை பிடித்த வாரத்தில் வீசினால் சில எழும்பலாம்.

நெருக்கமாக நட்டுக் குறுங்காடு உண்டாக்கும் மியாவாக்கி முறைக்கும் இதே அளவுதான் என் ஆர்வம். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நட்டு, இரண்டு மூன்று ஆண்டு நீர் ஊற்ற முடிகிற மாநகராட்சிக்கு அது ஒத்துவரலாம். பள்ளிக்குக் கற்றுத்தர வேண்டியது பொறுமை.

11 மே 2025

அக்னி நட்சத்திரம், கோடை விடுமுறை, கன்றுகளுக்குத் தாகம். மூன்றும் ஒரே நேரத்தில். பள்ளி நாற்றங்கால்கள் செத்துப்போவது இந்த ஐந்து வாரங்களில்தான். ஏப்ரல் தேர்வு முடிந்ததும் பைகளைக் கணக்கெழுதிச் சுய உதவிக் குழுவிடமோ பள்ளிக்குப் பக்கத்து வீட்டிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே எங்கள் வழக்கம். தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். "விடுமுறையில் பிள்ளைகள் மாற்றி மாற்றி வந்து ஊற்றுவார்கள்" என்ற ஏற்பாடு முதல் வாரத்தோடு முடிந்துபோகும். பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும்.

6 ஜூன் 2025

சுற்றறிக்கை வந்துவிட்டது, நேற்று நடவு செய்து படம் அனுப்பியாக வேண்டியிருந்தது என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். அதோடு அவர் செய்த தந்திரத்தையும் எழுதியிருக்கிறார்: கொடிக்கம்பத்தருகே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரே ஒரு மகிழங்கன்று நட்டுப் படம் எடுத்தாயிற்று, மீதி நேரம் முழுவதும் எட்டாம் வகுப்பு நாவல் மரத்தடியில் விதை பொறுக்கியது. எல்லாப் பள்ளிகளும் ஜூன் 5ஐ விதை நாளாக மாற்றிவிட்டால் சுற்றறிக்கைக்கும் பழுது இல்லை, மரத்துக்கும் பழுது இல்லை.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கை எட்டுவதற்குக் கன்று எண்ணிக்கையைக் கேட்கும் படிவங்களில், "சென்ற ஆண்டு நட்டவற்றில் இன்று உயிரோடிருப்பவை" என்ற ஒரு கட்டம் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

24 ஆகஸ்ட் 2025

தொடக்கத்தில் பள்ளி நாற்று வளர்க்கட்டும், நடுவதை ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரே அடியாக எழுதினேன். அதில் இப்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. கோயில் காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கரையில் ஒரு பகுதிக்கு நொச்சி வேலி மட்டும் போட்டு, வேறொன்றும் செய்யாமல் விட்டிருந்தோம். களா, காரைப் புதருக்கடியில் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த காட்டு எலுமிச்சையும் காயாவும் அங்கே தாமாக வந்திருக்கின்றன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, முள்ளே காவல். அந்தக் கன்றுகளின் வேர் எந்தப் பையிலும் சுருண்டதில்லை என்பதால், நாங்கள் நட்டவற்றைவிட இவை நன்றாக நிலைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

எனவே நடுவதற்கு முன் ஓராண்டு வேலி போட்டுப் பார்க்கலாம். என்னென்ன தானாக வருகிறது என்று பிள்ளைகள் ஏட்டில் எழுதட்டும். வராத மரங்களை மட்டும் நாற்றங்காலில் வளர்க்கலாம். தாய்மரம் பக்கத்தில் இல்லாத ஊர்களில் இது நடக்காது. அங்கே நாற்றங்காலைத் தவிர வழியில்லை. இருக்கும் ஊர்களில் நாம் எண்ணிய அளவுக்குப் பை தேவைப்படாது. நாற்றங்கால் நடத்தும் எனக்கு இதை எழுதுவது தொழில் துரோகம், என்றாலும் எழுதிவிட்டேன்.

25 ஆகஸ்ட் 2025

ஆசிரியைக்கு: உங்கள் சென்ற ஆண்டு நாவலும் வேம்பும் முழங்காலுயரம் இருந்தால் இந்த அக்டோபரில் நடலாம், பாலையை இன்னொரு ஆண்டு வைத்திருங்கள். கரையில் தானாக முளைத்தவை இருந்தால் அவற்றைச் சுற்றி இரண்டு எட்டு தூரம் விட்டே குழி எடுங்கள். வீரை விதை கேட்டிருந்தீர்கள். இந்தப் பருவத்துக்கு எங்களிடம் தீர்ந்துவிட்டது. முளைத்த கன்றாகச் சில இருக்கின்றன. திண்டிவனம் வரும்போது சாக்குப் பையோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டாம்.